மாத்தளைத் தோட்டங்களும் தாயின் உயிரும்

2023 ஆம் ஆண்டு ஜூலை மாதக் கடைசியில் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபயணம் ஒன்று ஆகஸ்ட் 12 ஆம் திகதி மாத்தளை நகரை வந்தடைந்தது. மலையக மக்களின் மூதாதையர் இந்நாட்டிற் காலடி வைத்து இருநூறு ஆண்டுகள் நிறைவெய்தியதை நினைவுகூருமுகமாக, அவர்கள் நடந்த வழியிலேயே ஏறத்தாழ 250 கிலோமீற்றர் தூரத்தை அப்பயணத்திற் சேர்ந்தோர் நடந்து முடித்தனர். மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் மதவாச்சி, தம்புள்ளை, நாலந்தை என்று காட்டு வழியே நடந்து, மலைநாட்டின் வாயிலாகிய மாத்தளையை அடைந்த பின்னரே தோட்டங்களுக்குப் பிரித்தனுப்பப்பட்டனர். ஆகவே அந்த நடைபயணம் மாத்தளையில் முடிந்தது பொருத்தமே.

அந்தப் பாதையைப் பற்றி எழுதியோர் பலர். எத்தனை பேர் வந்தனர், எத்தனை மூடை கோப்பி சென்றது, ஒரு ஏக்கருக்கு என்ன இலாபம் என்பனவெல்லாம் பேரேடுகளில் உள்ளன. அந்தப் பாதையோரத்திலும் பாதை முடிந்த பின் லயத்து அறையிலும் பிள்ளை பெற்ற பெண்களைப் பற்றிய கணக்கு மட்டும் மிக அரிதாகவே எழுதப்பட்டது. அக்கணக்கு எப்போது எழுதத் தொடங்கப்பட்டது, யாருக்காக எழுதப்பட்டது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். தாயும் சிசுவும் உயிர் பிழைப்பது வைத்தியரின் திறமையால் மட்டும் தீர்மானமாவதன்று. அத்தாய் சமுதாயத்தின் ஏட்டில் எந்தப் பத்தியில் எழுதப்பட்டிருக்கிறாள் என்பதனாலும் தீர்மானமாவது. மாத்தளையின் சரித்திரம் இதற்குத் தக்க சான்று.

கோப்பியின் காலத்திலிருந்து தொடங்குவோம். 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் பற்றிய கட்டளைச் சட்டம், உறுதிப் பத்திரம் காட்ட இயலாத காடுகளையும் சேனை நிலங்களையும் அரசின் சொத்தாக்கியது. அரசு அவற்றைத் துரைமாருக்கு விற்றது. கண்டிச் சிங்களக் கிராமத்தவன் தன் மேய்ச்சல் நிலத்தையும் சேனையையும் இழந்தான். அதன் மேல் புதிய வரிகளும் சுமத்தப்பட்டன. 1848 இல் மாத்தளையில் மூண்ட கிளர்ச்சிக்கு இவையே பின்னணி. அக்கிளர்ச்சியின் வீரன் புரன் அப்பு அதே ஆண்டு ஆகஸ்டில் கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டான். நிலம் பறிபோன கிராமத்துத் தாயும், அந்நிலத்திற் கோப்பி நடக் கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளியின் மனைவியும் ஒரே வரலாற்று நிகழ்ச்சியின் இரு முகங்கள் என்பதை நாம் மறந்துவிடலாகாது. பிற்காலத்து அரசியல் அவர்களைப் பிரித்து வைத்தது. அவர்களின் வறுமைக்கு ஊற்று ஒன்றே.

கோப்பித் தோட்டத்துக்கு அறுவடைக் காலத்தில் மட்டுமே பெருந்தொகையான கைகள் வேண்டியிருந்தன. வந்தவர்களிற் பெரும்பாலோர் ஆண்கள். பறிப்பு முடிந்ததும் திரும்பி நடந்தனர். காலரா, பெரியம்மை, வயிற்றுளைச்சல், மலேரியா ஆகியவை பாதை நெடுகிலும் அவர்களைப் பலி கொண்டன. 1840 களில் நிகழ்ந்த மரணங்கள் எழுபதினாயிரம் வரை இருக்கும் என அக்காலத்துக் கொழும்புப் பத்திரிகை ஒன்று மதிப்பிட்டது. அது மிகையென்று வாதிடும் சரித்திர ஆசிரியரும் உளர். இந்தச் சர்ச்சையே ஓர் உண்மையைக் காட்டுகிறது: இறந்தவர்களை ஒழுங்காக எண்ண வேண்டிய அவசியம் எவருக்கும் இருக்கவில்லை. அக்கூட்டங்களில் ஒரு சில பெண்களும் இருந்தனர். பத்து மாதக் கர்ப்பத்தை வணிகத்தின் காலநிலை பார்த்துச் சுமக்க முடியாது. நடக்க வேண்டிய வேளையில் அவர்களும் நடந்தனர்.

அதே வேளையில் உலகின் மறுபக்கத்தில் என்ன நடந்தது? 1847 இல் வியன்னா நகரத்து ஆஸ்பத்திரியில் செம்மல்வைஸ் என்ற வைத்தியர், பிரசவ சன்னியால் தாய்மார் மடிவதற்கு வைத்தியர்களின் அசுத்தமான கைகளே காரணம் எனக் கண்டார். குளோரின் கலந்த நீரிற் கை கழுவுமாறு விதித்தார். நூற்றுக்குப் பத்துக்கு மேல் இருந்த மரணம் சில மாதங்களில் இரண்டளவுக்கு இறங்கியது. அவர் கூறியதை ஐரோப்பிய வைத்திய உலகம் ஏற்றுக்கொள்ளப் பல ஆண்டுகள் சென்றன. ஆனால் அவ்வுண்மை மாத்தளைத் தோட்டத்து லயத்தை அடைய எடுத்த காலமோ அதனினும் நெடிது. அறிவு பிறப்பது ஒன்று. அது யாருடைய வாசலுக்குச் செல்கிறது என்பது வேறொன்று.

1869 இல் தோன்றிய இலை நோய் கோப்பியை அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. மாத்தளைப் பகுதியிலோ தேயிலையுடன் கொக்கோவும் றப்பரும் பரவின. 1880 இல் இரயில் பாதை மாத்தளை வரை நீண்டது. இந்த மாற்றம் பெண்ணின் வாழ்க்கையை அடியோடு மாற்றிவிட்டது. தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. வாரந்தோறும் கிள்ளப்பட வேண்டியது. அதற்கு நிலையாகக் குடியிருக்கும் தொழிலாளர் வேண்டும். விரைந்து கொழுந்தெடுக்கும் பெண்களின் கைகள் வேண்டும். அக்கைகளுக்கு ஆணின் கூலியிலும் குறைந்த கூலியே போதும். ஆகவே குடும்பங்கள் வரவழைக்கப்பட்டன. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான லயத்துக் காம்பராவில் குடும்பம் அமைந்தது. அங்கேயே சமையல், அங்கேயே உறக்கம், அங்கேயே பிரசவம். 1927 இன் குறைந்த பட்சச் சம்பளச் சட்டமும் பெண்ணுக்குக் குறைந்த விகிதத்தையே விதித்தது. அந்தப் பேதம் நீங்க 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இங்கே நம் கவனத்துக்குரிய ஒரு முரண்பாடு உண்டு. இலங்கையில் வைத்திய வசதி பற்றிய சட்டம் முதன்முதலில் தோட்டத் தொழிலாளருக்கே இயற்றப்பட்டது. 1872 இல் வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டம் பிறந்தது. 1880 களில் திருத்தப்பட்டது. 1912 இல் இரு புதிய சட்டங்களாக விரிந்தது. 1912 இன் சட்டத்திலே, தோட்டத்திற் பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஒரு மாதம் வரை போதிய உணவும் உறைவிடமும் அளிக்க வேண்டும் எனவும், மாவட்ட வைத்திய அதிகாரி தகுதியுடையவள் எனக் கூறினாலன்றி அம்மாதத்தில் அவளை வேலைக்கு அழைக்கலாகாது எனவும் விதிக்கப்பட்டிருந்தது. கிராமத்துத் தாய்க்கு இப்படியொரு வாசகம் அன்று எந்தச் சட்டத்திலும் இல்லை. முதலிற் சட்டம் பெற்றவள் தோட்டத்துத் தாய். எனினும் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில், தாய் சேய் நலனில் நாட்டிலேயே பின்தங்கி நின்றவளும் அவளே. ஏன்?

விடையின் முற்பகுதி அந்தச் சட்டங்களின் உள்ளேயே இருக்கிறது. அவை தொழிலாளரின் நலனை நிறைவேற்றும் கடமையைத் தொழிலாளரின் எஜமானனிடமே ஒப்படைத்தன. மருந்துச்சாலையைக் கட்டுபவர் துரை. டிஸ்பென்சருக்குச் சம்பளம் கொடுப்பவர் துரை. பிறப்பு இறப்புச் செய்தியை அறிவிப்பவரும் துரையே. பெண்ணுக்கு ஒரு மாத ஓய்வு கிடைத்ததா என்பதைப் பார்க்க வேண்டிய அதிகாரி தூரத்தில் இருந்தார். பார்க்கும் கங்காணியோ அவள் பெயரைப் பெரட்டுக் களத்திற் கூப்பிடுபவன். அவளுக்கும் கூலியின்றிக் கழியும் ஒரு மாதம் கடன் மேல் கடன். சட்டம் கொடுத்த ஓய்வை வறுமை பறித்துக்கொண்டது. சுருங்கச் சொன்னால், அச்சட்டங்களின் கண்ணில் அவள் பராமரிக்கப்பட வேண்டிய உழைப்புக் கருவி. கருவி பழுதாகிவிடாமல் பார்ப்பது உடையவனின் செலவுக் கணக்கில் ஒரு வரி. செலவைச் சுருக்க வேண்டிய ஆண்டில் அந்த வரியும் சுருங்கும்.

இதனை விளக்க மாத்தளை தரும் சான்று ஒன்று உண்டு. 1916 இல் அமெரிக்காவின் றொக்பெல்லர் ஸ்தாபனம் இலங்கையில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியபோது, தேர்ந்தெடுத்த முதற்களம் மாத்தளைப் பகுதித் தோட்டங்களே. சோதிக்கப்பட்ட தொழிலாளரில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் அப்புழுவைச் சுமந்திருந்தனர். மலசலகூடமற்ற லயங்களைச் சூழ்ந்த ஈரமண்ணில் புழுவின் இளம் பருவம் வளர்கிறது. வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலிற் புகுகிறது. குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சுகிறது. காலை முதல் மாலை வரை அம்மண்ணில் நிற்பவள் கொழுந்தெடுக்கும் பெண். அவள் கர்ப்பிணியுமாகிவிட்டால், வயிற்றுச் சிசு ஒருபுறமும் புழு மறுபுறமுமாக அவளது குருதியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. நல்ல உடல்நிலையிலுள்ள பெண் தாங்கிக்கொள்ளும் உதிரப்போக்கு, வெளிறிப்போன இவளுக்கு எமனாகிவிடும். பிறக்கும் குழந்தையோ நிறை குறைந்து, நோயெதிர்க்கும் வலிமையின்றிப் பிறக்கும். பிரசவ மரணம் பிரசவ நாளில் தொடங்குவதன்று என்பதற்கு இதனிலும் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

இயக்கத்தினர் மருந்து கொடுத்தனர். புழு வெளியேறியது, தொழிலாளரின் வேலைத்திறன் உயர்ந்தது, துரைமார் மகிழ்ந்தனர். ஆனால் மலசலகூடம் கட்ட வேண்டும், நல்ல நீர் வழங்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தபோது அம்மகிழ்ச்சி அடங்கிவிட்டது. மருந்துக்கு ஆகும் செலவு சொற்பம். அதனையும் பெருமளவு பிறர் ஏற்றனர். கட்டடச் செலவோ இலாபத்தைத் தொடுவது. மண் மாறவில்லை, ஆகவே மருந்துண்டவர்களின் உடலில் புழு மீண்டும் குடிபுகுந்தது. ஒரு நோயை மட்டும் தனியே பிரித்து மருந்தால் விரட்ட முயல்வது வீண் என்ற படிப்பினை மாத்தளை போன்ற தோட்டப் பிரதேசங்களிற் கற்கப்பட்டது. அப்படிப்பினையின் பயனாக 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி அமைக்கப்பட்டது. ஒரு பிரதேசத்தின் மக்கள் அனைவருக்கும் ஒரு சுகாதார வைத்திய அதிகாரி. அவரின் கீழ்ப் பரிசோதகர்கள். வீடு வீடாகச் செல்லும் மருத்துவச்சிகள். பாடம் தோட்டத்தில் கற்கப்பட்டது; அதன் பலன் முதலிற் கிராமத்துக்குச் சென்றது.

மருத்துவச்சி என்ற சொல்லைக் கண்டதும் நம் மனக்கண்ணில் இரு உருவங்கள் தோன்றும். ஒருத்தி லயத்திலேயே வாழ்ந்த கிழவி. எத்தனையோ பிள்ளைகளைக் கையேந்தியவள். வலியெடுத்த பெண்ணின் இடுப்பைப் பிடித்து இரவெல்லாம் விழித்திருப்பவள். கூலியாக ஒரு சேலையும் வெற்றிலை பாக்கும் பெறுபவள். அவளை அறியாமையின் உருவமாகச் சித்திரிப்பது மத்தியதர வர்க்கத்தாரின் வழக்கம். அது நியாயமன்று, வேறெவரும் வராத இடத்தில் அவளே வந்தாள். அதேவேளை அவளது கத்தியும் கைகளும் நோய்க் கிருமியைச் சுமந்தன என்பதையும் மறைப்பதற்கில்லை. தொப்புள்கொடியை அசுத்தமான கருவியால் அறுத்ததனால் வந்த ஏற்புவலி, பிறந்த ஒரு வாரத்துள் எத்தனையோ சிசுக்களைக் கொன்றது. மற்றையவள் பயிற்சி பெற்ற மருத்துவச்சி. 1879 இல் கொழும்பிற் திறக்கப்பட்ட டி சொய்சா பிரசவ விடுதி அத்தகையோரைப் பயிற்றும் இடமாக வளர்ந்தது. அவள் பையில் கொதித்த நீரில் சுத்தமாக்கிய கத்தரிக்கோலும், கிருமிநாசினியும், ஒரு பதிவேடும் இருந்தன. கத்தரிக்கோலைப் போலவே அந்தப் பதிவேடும் உயிர் காத்தது.

அப்பதிவேட்டின் வேலையை ஆசிரியர்களும் மாணவர்களும் கூர்ந்து நோக்குதல் தகும். இலங்கையில் உருவான முறைப்படி, ஏறத்தாழ மூவாயிரம் மக்களுக்கு ஒரு மருத்துவச்சி. அவள் தன் பிரதேசத்திலேயே வசிப்பவள். எந்த வீட்டில் எவள் கர்ப்பமுற்றாள் என்பதைத் தேடி எழுதுகிறாள். கிளினிக்குக்கு வராதவளின் வீட்டுக்குத் தானே போகிறாள். இரத்தம் குறைந்தவளையும், கால் வீங்கியவளையும், முன்னர் கடினமாகப் பிரசவித்தவளையும் வேளையோடு வைத்தியசாலைக்கு அனுப்புகிறாள். பிரசவித்துத் திரும்பியவளை மீண்டும் சென்று காண்கிறாள். ஒரு தாய் இறந்தால், ஏன் இறந்தாள் என்ற கேள்விக்கு மேலதிகாரிகள் கூடிய சபையில் விடை கூறப்பட வேண்டும். இறப்பு என்பது விதியன்று, விசாரிக்கப்பட வேண்டிய நிகழ்ச்சி என்ற எண்ணம் இவ்வாறாக வேரூன்றியது.

இதற்கு அரசியற் பின்னணியும் உண்டு. 1919 இல் வாஷிங்டனிற் கூடிய சர்வதேசத் தொழில் மகாநாடு பிரசவப் பாதுகாப்பு உடன்படிக்கையை நிறைவேற்றியது. அதுவும் கைத்தொழிலிலும் வர்த்தகத்திலும் உள்ள பெண்களுக்கே. வயலிலும் தோட்டத்திலும் உழைப்பவள் அதனுள் அடங்கவில்லை. பிரித்தானியா அதனை ஏற்று ஒப்பமிடவுமில்லை. 1927 இல் டொனமூர் ஆணைக்குழு வந்தபோது, பெண்களின் வாக்குரிமைச் சங்கத்தினர் அதன் முன் சாட்சியம் அளித்தனர். தோட்டங்களில் உழைக்கும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று ஆணைக்குழுத் தலைவர் வினவ, அவர்களும் பெண்கள்தாமே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்ற கருத்தில் அக்னஸ் டி சில்வா விடையிறுத்தார். அந்தச் சிறு விடையின் நேர்மையை, பின்னர் வந்த பெருந்தலைவர்கள் பலரிடம் நாம் காணவில்லை. 1931 இல் சர்வசன வாக்குரிமை வந்தது; தோட்ட மக்களுக்குச் சில நிபந்தனைகளுடன் வந்தது.

வாக்கு வந்த பின்னர், கிராமத்து மருத்துவச்சியும் பிரசவ விடுதியும் சட்டசபையிற் பேசப்படும் பொருள்களாயின. உறுப்பினர் தத்தம் தொகுதிக்கு அவற்றைக் கேட்டுப் பெற்றனர். 1934–35 இன் மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ எண்பதினாயிரம் பேர் மாண்டனர். 1935 இல் பிறந்த ஆயிரம் சிசுக்களில் 263 ஒரு வயதுக்குள் மடிந்தன. இக்கொடுமை பொதுசன சுகாதாரத்தைத் தேசிய அரசியலின் நடுவே கொண்டுவந்து நிறுத்தியது. 1939 இல் பிரசவ நலன்கள் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. இம்முறை தோட்டத்துப் பெண்ணும் அதில் இடம்பெற்றாள். ஆயினும் தோட்ட முதலாளி விரும்பினால், காசு முழுவதையும் கொடுப்பதற்குப் பதிலாகப் பிரசவ விடுதி வசதியையும் உணவையும் குறைந்த காசையும் மாற்று நலனாகக் கொடுக்கலாம் என்ற வாயிலும் அச்சட்டத்தில் திறந்து விடப்பட்டது.

பின்னர் நிகழ்ந்தது உலகம் வியந்த ஒரு மாற்றம். 1930 அளவில் இலங்கையில் ஒரு லட்சம் பிரசவங்களுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். 1950 அளவில் அத்தொகை ஐந்நூறை ஒட்டி இறங்கியது. சிசு மரணம் 1946 இல் ஆயிரத்துக்கு 141 ஆக இருந்தது. அடுத்த ஆண்டே 101 ஆனது. சல்பா மருந்துகளும் பெனிசிலினும் பிரசவ சன்னியை அடக்கின, இரத்தம் ஏற்றும் வசதி வந்தது, டி.டி.ரி. மலேரியாவை ஒடுக்கியது. இவை பிற நாடுகளுக்கும் கிட்டியவையே. இலங்கையிற் கூடுதலாக இருந்தது, அம்மருந்தை வீட்டுவாசலுக்கு இட்டுச்செல்லும் மருத்துவச்சியும், இலவச வைத்தியமும், எழுத்தறிந்த தாய்மாரும், வாக்குக் கேட்டு வரும் பிரதிநிதியும் சேர்ந்த ஓர் ஒழுங்கு. மாத்தளை மாவட்டத்தின் சிங்களக் கிராமங்களும், சற்றுப் பிந்தியேனும் லக்கலை, வில்கமுவ போன்ற ஒதுங்கிய இடங்களும் அவ்வொழுங்கினுள் வந்தன.

அதே ஆண்டுகளில் மாத்தளைத் தோட்டத்துத் தாய்க்கு என்ன நேர்ந்தது? 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட தோட்ட மக்களை நாடற்றவர்களாக்கியது. மறு ஆண்டில் வாக்கும் பறிபோனது. 1947 இல் ஏழு பிரதிநிதிகளைப் பாராளுமன்றுக்கு அனுப்பிய மக்கள், பின்னர் எவரிடமும் ஒரு மருத்துவச்சியைக் கேட்டுப் பெறும் வலிமையற்றவராயினர். அரசு சுகாதார சேவையின் எல்லை தோட்டத்து வாயிலில் முடிந்தது. உள்ளே துரையின் மருந்துச்சாலை, துரையின் பிரசவ விடுதி, துரையின் பிள்ளைக் காம்பரா. அங்குள்ள மருத்துவச்சி தோட்ட நிர்வாகத்திடம் சம்பளம் பெறுபவள். அவள் பதிலளிக்க வேண்டியதும் அந்நிர்வாகத்துக்கே. கிராமத்து மரண விகிதம் விரைந்து இறங்க, தோட்டத்து விகிதம் மெதுவாக நகர்ந்தது, இடைவெளி விரிந்தது. 1973–74 ஆம் ஆண்டுப் பஞ்சம் மலையகத்தில் பட்டினிச் சாவுகளைக் கொணர்ந்தது. அக்காலத்தில் தோட்டத்துச் சிசு மரணம் தேசிய சராசரியின் இரு மடங்கையும் தாண்டி நின்றது.

இங்கே சிலர் குறுக்கிட்டு வினவக்கூடும்: தோட்டங்களில் ஆஸ்பத்திரியும் பிள்ளைக் காம்பராவும் முன்னரே இருந்தனவே, தாய்மாரின் அறியாமையும் பழைய பழக்கங்களுமே காரணமாக இருக்கலாகாதா? தோட்டங்களில் வசதிகள் இருந்தன என்பது உண்மை. சில நிர்வாகிகள் மனச்சாட்சியோடு நடந்தனர் என்பதும் உண்மை. ஆனால் ஒரு மனிதரின் கருணையில் தங்கிய வசதி அவர் மாறியதும் மறையும். அறியாமை என்ற குற்றச்சாட்டோ தன்னையே திருப்பித் தாக்குவது. தோட்டப் பாடசாலைகளை ஒற்றையாசிரியர் கொட்டகைகளாக வைத்திருந்தவர்கள் யார்? எழுத்து அறியாத தாய்க்கு நோயின் அறிகுறியைச் சொல்லித்தரும் அரசு மருத்துவச்சியை வாயிலில் நிறுத்தியவர்கள் யார்? வாய்ப்புக் கிட்டியவுடன் அத்தாய்மார் என்ன செய்தனர் என்பதை வரலாறு காட்டுகிறது. 1969 முதல் நாட்டிற் கர்ப்பிணிகளுக்கு ஏற்புவலித் தடுப்பூசி போடப்படலாயிற்று. அது தோட்டங்களை எட்டியதும் அந்நோயால் மாளும் சிசுக்கள் குறைந்தன. 1975 இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாகிய பின்னர், 1980 களில் பிரசவ விடுதிகளும் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளும் பெருகவே, லயத்துப் பிரசவம் அருகியது. அவர்கள் வைத்தியத்தை மறுக்கவில்லை. வைத்தியமே அவர்களிடம் வரவில்லை.

நாடற்ற நிலையும் ஒரேயடியாக நீங்கவில்லை. 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மக்களைத் தொகைகளாகப் பிரித்தது. ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று எழுதியது. ஒரே லயத்தில் தாய் ஒரு நாட்டுக்கும் மகள் மறு நாட்டுக்கும் உரியவராயினர்; பிரசவத்துக்குத் துணை நிற்க வேண்டியவள் இராமேஸ்வரத்துக் கப்பலில் ஏறினாள். எஞ்சியோரின் பிரஜாவுரிமைப் பிரச்சினை 1988, 2003 ஆம் ஆண்டுச் சட்டங்கள் வரை நீண்டது.

இன்றைய நிலையை நோக்குவோம். 2012 இன் கணக்கெடுப்பின்படி 4,84,000 அளவான மாத்தளை மாவட்ட மக்களில் மலையகத் தமிழர் இருபதில் ஒரு பங்கினர். இறத்தோட்டை, உக்குவளை, எல்கடுவை, கம்மடுவைப் பகுதிகளின் தோட்டங்களிலும் அவற்றைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழ்கின்றனர். நாட்டிற் பிரசவங்கள் ஏறக்குறைய அனைத்தும் இன்று வைத்தியசாலையிலேயே நிகழ்கின்றன. தோட்டத்துத் தாயும் அங்குதான் செல்கிறாள். 2010 களில் இலங்கையின் தாய் மரணம் லட்சத்துக்கு முப்பதை ஒட்டி இருந்தது. இது போற்றத்தக்க சாதனை. எனினும் 2016 ஆம் ஆண்டின் தேசியக் குடித்தொகை சுகாதார ஆய்வு, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமற்றோர் நாடளவில் நூற்றுக்கு 17.3 எனவும், தோட்டப் பகுதியில் 31.7 எனவும் கண்டது. தோட்டத்திற் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று நிறை குறைந்து பிறந்தது. பிரசவ அறைக்குச் செல்லும் வாயில் திறந்துவிட்டது. அவ்வறைக்கு அவள் கொண்டுசெல்லும் உடல் இன்னும் வெளிறியே இருக்கிறது. 1916 இல் மாத்தளையிற் கண்ட உண்மை நூறாண்டுக்குப் பின்னும் முற்றாகப் பொய்யாகவில்லை.

1992 இல் தோட்டங்களின் நிர்வாகம் மீண்டும் கம்பெனிகளிடம் சென்றது. தோட்ட வைத்தியசாலைகளை அரசு ஏற்கும் முயற்சி 1990 களிலேயே தொடங்கியும் படிப்படியாக மட்டுமே முன்னேறியது. 2018 இல் பிரசவ நலன் சட்டம் திருத்தப்பட்டு, மூன்றாம் பிள்ளைக்கும் 84 நாள் விடுமுறை உரிமையாயிற்று; நாட்கூலிக்காரிக்கு இது பெரும் பேறு. 2022 இன் பொருளாதார நெருக்கடியிலோ அரிசியும் பருப்பும் எட்டாத விலைக்கு ஏறின. கர்ப்பிணிகளுக்கு வழங்கும் திரிபோஷா மாவுக்கும் தட்டுப்பாடு நேர்ந்தது. பஞ்சம் எப்போதும் முதலிற் தாயின் தட்டிலேயே விழுகிறது; கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறிவிட்டு எஞ்சியதை உண்பவள் அவள். தோட்டத்திலும் வீட்டிலும் உழைக்கும் அவளுக்கு வீட்டினுள் கிடைக்கும் நீதியைப் பற்றியும் தொழிற்சங்கங்கள் பேசியாக வேண்டும். சந்தாப் பணத்தில் பாதிக்குமேல் பெண்களின் கையிலிருந்து வரும் சங்கங்களில், தலைமை ஆசனங்களில் எத்தனை பெண்கள் அமர்ந்திருக்கின்றனர்?

இச்சரித்திரம் நமக்கு உணர்த்துவது யாது? தாயின் உயிரைக் காக்கும் வித்தை 1950 அளவிலேயே இந்நாட்டுக்குத் தெரிந்திருந்தது. அது ஓர் எல்லைக் கோட்டின் இருபுறமும் இரு வேகங்களிற் சென்றது. கோட்டின் ஒரு பக்கத்தில் தாய் பிரஜையாக எழுதப்பட்டாள். மறுபக்கத்தில் தோட்டத்துச் செலவாக எழுதப்பட்டாள். செலவு என்றால் குறைக்கலாம். பிரஜை என்றால் பதில் சொல்ல வேண்டும். ஆகவே தோட்டத்துத் தாய் சேய் நலனை நிர்வாகத்தின் கருணையிலிருந்து முற்றாக விடுவித்து, கிராமத்துக்குள்ள அதே அரசு சேவையின், அதே பதிவேட்டின், அதே விசாரணையின் கீழ்க் கொணர்வது சலுகை கோருவதன்று; நூற்றைம்பது ஆண்டுக் கடனைக் கேட்பது. அதனுடன் நல்ல நீரும், தனி வீடும், வயிறு நிறையும் கூலியும் சேராவிடில், வைத்தியசாலை மட்டும் அக்கடனைத் தீர்த்துவிடாது.

மாத்தளையிலும் ஏனைய மலையக மாவட்டங்களிலும் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் கற்கும் மாணவர்களுக்கும் இதில் ஒரு பணி உண்டு. லயத்துப் பிரசவங்களைக் கையேந்திய கடைசித் தலைமுறை மூதாட்டிகள் சிலர் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர்; தோட்டத்து மருந்துச்சாலைகளில் பழைய பிறப்பு இறப்பு ஏடுகள் செல்லரித்துக் கிடக்கின்றன. அம்மூதாட்டிகளின் வாய்மொழியையும் அவ்வேடுகளின் வரிகளையும் இப்போதே எழுதி வைக்காவிடில், நாளை எழுதுவதற்கு எதுவும் இராது. மன்னாரிலிருந்து மாத்தளைக்கு வந்த பாதையில் எத்தனை தாய்மார் வீழ்ந்தனர் என்பதை எவரும் எண்ணவில்லை. லயத்தில் வீழ்ந்தவர்களையேனும் எண்ணுவோம். எண்ணத் தொடங்கும் மக்கள் கேட்கத் தொடங்குவர்.